மறைத்த பெயரும் மறந்த பெயரும்: ஒரு ஜப்பானியப் புகைப்படக்காரியைத் தேடி

1

பெயரை மறைப்பது வேறு, பெயரை மறப்பது வேறு. மறைப்பதில் ஒரு காவல் இருக்கலாம். மறப்பதில் பெரும்பாலும் அதிகாரம்தான் இருக்கிறது. யாருடைய பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், யாரை 'யாரோ ஒருத்தி' என்று சொல்லிவிட்டுப் போகலாம் என்பதை நாமாகத் தீர்மானிப்பதில்லை. நமக்காக ஏற்கெனவே தீர்மானித்து வைத்திருக்கிறார்கள்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் புகைப்படங்கள் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு தோழி மூன்று படங்களைப் பற்றிச் சொல்வார். எந்தப் புத்தகத்தில் பார்த்தார், எப்போது பார்த்தார் எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை. எடுத்தவர் ஜப்பானியர், பெண். அம்புட்டுதான் தெரியும். ஆனால் படங்களை மட்டும் அவர் தையல் தையலாகச் சொல்வார்.

ஒன்று, ஒரு பாதம். கறுப்பு வெள்ளைப் படம். தோல் தடித்து, குதிகால் வெடித்து, நகம் வளைந்து கிடக்கிறது. முகம் கிடையாது. இரண்டு, ஒரு பெண்ணின் உடுப்பு. கலர்ப்படம். மெல்லிய துணிக்குள்ளே பின்னாலிருந்து வெளிச்சம் புகுந்து வருகிறது. கையால் போட்ட தையல் தெரிகிறது, பூப்போட்ட வேலைப்பாடு தெரிகிறது, ஒரு பக்கம் கருகிப் பிய்ந்திருப்பதும் தெரிகிறது. உள்ளே உடம்பு இல்லை. மூன்று, போட்டுப் போட்டுத் தேய்ந்துபோன ஒரு உதட்டுச்சாயம். அதுவும் கலர்தான். ஒரு ஆளை நிறுத்திப் படம் பிடித்த மாதிரி அதை நடுவில் நிறுத்திப் பிடித்திருக்கிறது.

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு எடுத்தவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்பது முதல் கேள்வி. இவ்வளவு அழுத்தமாகப் படம் தங்கியிருக்கும்போது பெயர் மட்டும் ஏன் தங்கவில்லை என்பது இரண்டாவது கேள்வி. இரண்டாவதைக் கேட்காமல் முதலாவதற்கு மட்டும் பதில் சொன்னால் அது வினாடி-வினாவாகிப் போகும்.

ஜப்பானியப் புகைப்படம் என்று சொன்னவுடன் வரிசையாக வந்து விழுகிற பெயர்கள் தோமோன் கென், தோமாட்சு ஷோமெய், மோரியாமா தைதோ, அராகி நோபுயோஷி. எல்லாம் ஆம்பளைப் பெயர்கள். பெரிய கலைஞர்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பெண்கள் எடுத்த படங்கள் பேசப்படுகிற விதமே வேறு. 1990களில் ஜப்பானில் ஏராளமான இளம்பெண்கள் கேமராவைக் கையில் எடுத்தபோது விமர்சகர்கள் அத்தனை பேரையும் 'பெண்பிள்ளைப் படங்கள்' என்ற ஒரே மூட்டைக்குள் போட்டுக் கட்டினார்கள். அந்த நாட்டில் புகைப்படத்துக்கு மதிப்புமிக்க விருதாகிய கிமுரா இஹெய் விருதை, 2000ஆம் ஆண்டுக்கு நாகாஷிமா யூரியே, நினாகாவா மிகா, ஹிரோமிக்ஸ் என்ற மூன்று பெண்களுக்கும் பங்கு வைத்துக் கொடுத்தார்கள். அந்த மூவரில் ஒருவரான நாகாஷிமாவே பின்னால் 2020இல் ஒரு புத்தகம் எழுதி, அந்த மூட்டையை அவிழ்த்துக் காட்டி, இந்தப் பெயரிடலில் இருக்கிற ஆண் பார்வையைக் கேள்வி கேட்டார். மூட்டைக்குப் பெயர் இருக்கும். உள்ளே இருப்பவர்களுக்குப் பெயர் இருக்காது. இது உலகத்தில் எல்லா இடத்திலும் நடக்கிற வேலை.

ஆகவே பெயர்ப் பட்டியல் நமக்கு உதவாது. படத்திடம்தான் கேட்க வேண்டும். மூன்று கேள்வி கேட்டால் போதும். எடுத்தவர் எங்கே நிற்கிறார்? எதைக் காட்ட மறுக்கிறார்? படத்தில் இருக்கிற பொருள் யாருடையது?

2

இந்தக் கேள்விகளோடு போனால் முதலில் எதிரே வருகிறவர் தோகிவா தோயோகோ. 1928இல் யோகோஹாமாவில் பிறந்தவர், 2019இல் மறைந்தார். 1945 மே 29இல் அமெரிக்க விமானங்கள் யோகோஹாமா மீது தீக்குண்டு போட்டன. அந்தத் தீயில் வெந்து அவருடைய அப்பா செத்துப்போனார். போர் முடிந்து அதே அமெரிக்கச் சிப்பாய்கள் ஊருக்குள் நடமாடியபோது, அவர்களுக்காக நடந்த சிவப்பு விளக்குத் தெருக்களுக்குத் தோகிவா கேமராவோடு போனார். கட்டாய மருத்துவப் பரிசோதனைக்கு வரிசையில் நிறுத்தப்பட்ட பெண்களைப் படம் எடுத்தார். 1957இல் 'ஆபத்தான நச்சுப்பூக்கள்' என்று பொருள்படும் பெயரில் அவருடைய புத்தகம் வந்தது. நச்சு யார் என்பதைத் தலைப்பு சொல்லவில்லை. படங்கள் சொல்கின்றன.

ஆனால் தோழி சொன்ன படங்களில் தெரு இல்லை, கூட்டம் இல்லை, நடக்கிற காரியம் எதுவும் இல்லை. தோகிவாவின் படங்களோ தெருவிலேயே பிறந்தவை. இவர் அவரல்ல.

அடுத்து இஷிகாவா மாவோ. 1953இல் ஒகினாவாவில் பிறந்தவர். ஒகினாவா 1972 வரை அமெரிக்க ஆட்சியின் கீழ் இருந்த தீவு. ஜப்பானோடு சேர்ந்த பிறகும் ராணுவ முகாம்கள் போகவில்லை. 1970களின் நடுவில் கறுப்பினச் சிப்பாய்கள் வந்துபோகிற மதுக்கடைகளில் இஷிகாவா தானே வேலைக்குச் சேர்ந்தார். கூட வேலை செய்த பெண்களை, அவர்களுடைய காதலை, சண்டையை, சிரிப்பை, கடற்கரைக் குளியலை எடுத்தார். 1982இல் புத்தகமாக வந்தது. வெளியே நின்று 'ஐயோ பாவம்' என்று எடுத்த படம் ஒன்றுகூடக் கிடையாது. எங்களுக்கு யாரும் பரிதாபப்பட வேண்டாம் என்கிற திமிர் அந்தப் பெண்களின் முகத்தில் இருக்கிறது. அந்தத் திமிரை எடுக்க, கூட இருந்து பாத்திரம் கழுவியவரால்தான் முடியும்.

இஷிகாவாவின் படத்தில் முகம்தான் எல்லாம். முகம் நம்மை நேராகப் பார்க்கும். தோழி சொன்ன மூன்று படங்களிலும் முகம் இல்லை என்பது தற்செயலாக இருக்க முடியாது. அது ஒரு முடிவு. ஆக, இவரும் அவரல்ல.

மூன்றாவது, ஓனோதெரா யுகி. 1962இல் பிறந்தவர், 1993இல் பாரிசுக்குப் போனார். இவரிடம் உடம்பில்லாத உடுப்பு இருக்கிறது. 'பழைய துணிகளின் உருவப்படம்' என்ற வரிசையில் ஒவ்வொரு உடுப்பையும் ஜன்னலில் நிறுத்தி, மேகம் கவிந்த வானத்தைப் பின்னால் வைத்து எடுத்தார். அந்தத் துணிகள் கிறிஸ்தியான் போல்தான்ஸ்கி என்ற பிரெஞ்சுக் கலைஞரின் கண்காட்சியில் குவித்துக் கிடந்தவை. பார்க்க வந்தவர்கள் எடுத்துப் போகலாம். குவியலாகக் கிடந்ததை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து நிற்க வைத்தது ஓனோதெராவின் காரியம்.

அவர்தானோ என்று தோன்றும். ஆனால் அவர் படங்கள் கறுப்பு வெள்ளை. உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஆள் ஒருவர் நிற்பது மாதிரி துணி விறைத்து நிற்கும். வெளிச்சம் துணிக்குள் புகுந்து வராது. யாருடைய துணி என்று கடைசி வரை யாருக்கும் தெரியாது. தோழி சொன்ன உடுப்பில் கருகல் இருக்கிறது, கைத்தையல் இருக்கிறது. தைத்தவள் ஒருத்தி இருந்தாள், உடுத்தியவள் ஒருத்தி இருந்தாள் என்று அது சொல்கிறது.

இப்படி ஒவ்வொருவரையும் 'இவர் இல்லை' என்று தள்ளிக்கொண்டு வரும்போதே அவரவர் யார் என்று நமக்கு நன்றாகத் தெரிந்துவிடுகிறது. மூட்டை அவிழ்வது இப்படித்தான்.

3

மூன்று படங்களையும் எடுத்தவர் இஷியுச்சி மியாகோ. 1947இல் குன்மா மாவட்டத்தின் கிரியூ ஊரில் பிறந்தவர். ஆறு வயதில் குடும்பம் யோகோசுகாவுக்குக் குடிபெயர்ந்தது. 19 வயது வரை அங்கேதான் ஒற்றை அறைக் குடியிருப்பில் வாழ்க்கை. யோகோசுகா ஜப்பானியக் கப்பற்படையின் துறைமுகமாக இருந்த ஊர். 1945க்குப் பிறகு அமெரிக்கக் கப்பற்படையின் தளம். பெண்பிள்ளைகள் எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தத் தெருவில் நடக்கக் கூடாது என்று ஊரே வகுத்து வைத்திருந்தது. நடக்கக் கூடாத தெரு என்று ஒன்று இருந்தால் அந்தப் பயம் உடம்பில் ஏறிக்கொண்டுவிடும். புத்தியால் அதை இறக்கி வைக்க முடியாது.

தாமா கலைப் பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது நெசவு. அதையும் முடிக்காமல் வெளியே வந்தார். புகைப்படத்தை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. 1970களின் நடுவில், முப்பது வயதை நெருங்கும்போது, தானே கற்றுக்கொண்டு முதலில் படமெடுக்கப் போன இடம் அந்த யோகோசுகாதான். அப்பா கல்யாணச் செலவுக்கென்று சேர்த்து வைத்திருந்த பணம் இந்தப் படங்களுக்குப் போயிற்று. கண்காட்சிக்கு 'யோகோசுகா கதை' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரில் அப்போது யாமாகுச்சி மோமோயே பாடிய சினிமாத்தனமான பாட்டு ஒன்று நாடெல்லாம் ஒலித்துக்கொண்டிருந்தது.

இதே யோகோசுகாவைத் தோமாட்சுவும் எடுத்திருக்கிறார், மோரியாமாவும் எடுத்திருக்கிறார். அவர்கள் எடுத்தது மாலுமிகள், மதுக்கடைகள், இரவு வெளிச்சம். வெளியிலிருந்து வருகிறவருக்கு அந்த ஊர் அப்படித்தான் தெரியும். இஷியுச்சியின் யோகோசுகாவில் சிப்பாய்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். சந்து, சரிவு, வேலி, ஆளில்லாத ரோடு, கறுத்த வானம். ஆள் இல்லாமலேயே பயம் மட்டும் நிற்கிறது. ஒரு ஊரை அந்த ஊரில் வளர்ந்த பெண் பார்ப்பதற்கும், பார்க்க வந்தவன் பார்ப்பதற்கும் இருக்கிற வித்தியாசம் இதுதான்.

அந்தப் படங்களில் புள்ளி புள்ளியாக ஒரு சொரசொரப்பு உண்டு. அக்காலத்து ஜப்பானியப் படங்கள் பலவற்றிலும் அது இருந்தது. பாணி என்று சொல்லிவிடலாம். இஷியுச்சியிடம் அது நெசவிலிருந்து வந்தது. இருட்டறையில் ரசாயனத் தண்ணீரில் தாளை முக்கி எடுப்பது தனக்குத் துணிக்குச் சாயம் ஏற்றுகிற வேலையை ஞாபகப்படுத்தியதாக அவர் சொல்லியிருக்கிறார். படம் என்பது கண்ணுக்கான சமாச்சாரம் என்று நாம் நினைத்திருக்கிறோம். அவருக்கு அது கைவேலை. நூல், சாயம், ஈரம். துணியை எடுப்பதற்குப் பல வருஷம் முன்னாலேயே அவர் படங்களுக்குத் துணியின் குணம் வந்துவிட்டது.

அடுத்து 'அப்பார்ட்மெண்ட்' வரிசை, 1978இல் புத்தகம். தான் வளர்ந்த மாதிரியான மலிவான குடியிருப்புகள். சுவரில் பெயிண்ட் உரிந்து தொங்குகிறது, நடைபாதையில் ஒற்றை பல்பு எரிகிறது. 1979இல் இதற்குக் கிமுரா இஹெய் விருது கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் பெண் இவர்தான். மூன்றாவது 'முடிவில்லா இரவு', 1981. முன்பு விபச்சார விடுதிகளாக இருந்த கட்டிடங்கள். ஜப்பானில் விபச்சாரத் தடுப்புச் சட்டம் 1956இல் நிறைவேறி 1958இல் முழுதாக நடைமுறைக்கு வந்தது. விடுதிகள் மூடப்பட்டன, கட்டிடங்கள் நின்றன. பெண்கள் போய்விட்டார்கள், அறை இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, வழுவழுப்பான ஓட்டுச் சுவர் இருக்கிறது. அந்தச் சுவரை இஷியுச்சி எடுத்திருப்பது ஒரு தோலை எடுத்த மாதிரி இருக்கிறது.

தோகிவா அந்தப் பெண்களை நேருக்கு நேராக எடுத்தார். இஷியுச்சி அவர்கள் போன பிறகு போனார். எதைக் காட்ட மறுக்கிறார் என்ற கேள்விக்கு இங்கே பதில் கிடைக்கிறது. துன்பப்படுகிற உடம்பை அவர் காட்ட மறுக்கிறார். அந்த உடம்பு உரசிய சுவரைக் காட்டுகிறார்.

4

நாற்பது வயதானபோது அவர் உடம்பின் பக்கம் திரும்பினார். தன்னோடு அதே ஆண்டில் பிறந்த பெண்களின் கைகளையும் கால்களையும் எடுத்தார். 1990இல் வந்த புத்தகத்தின் பெயரே பிறந்த ஆண்டுதான், '1947'. தோழி சொன்ன பாதம் இந்த வரிசையைச் சேர்ந்தது.

அந்த ஆண்டில் இன்னொரு விசேஷமும் உண்டு. போருக்குப் பிந்தைய ஜப்பானின் புதிய அரசியல் சட்டம் 1947 மே 3இல் நடைமுறைக்கு வந்தது. ஆணும் பெண்ணும் சமம் என்று சட்டத்தில் எழுதினார்கள். ரொம்ப சரி. சமம்னு எழுதின வருஷத்தில் பிறந்த பெண்களுடைய நாற்பது வருஷம் எப்படிப் போச்சு? புள்ளிவிவரம் சொல்லாததைக் குதிகால் சொல்கிறது. எத்தனை மணி நேரம் நின்றாள், எத்தனை பாத்திரம் தேய்த்தாள், எந்தச் செருப்புக்குள் காலைத் திணித்தாள் என்று தோலே எழுதி வைத்திருக்கிறது. இலக்கணம் படித்த நமக்கு ஓலை, கல், செப்பேடு தெரியும். தோலும் ஒரு ஏடுதான் என்று இந்தப் புத்தகத்தைப் பார்த்தால் தெரியும்.

1991இலிருந்து 'தழும்புகள்'. உடம்பில் தழும்பு உள்ளவர்களைக் கேட்டு, சம்மதம் வாங்கி, தழும்பை மட்டும் எடுத்தார். முகம் வராது. தலைப்பில் பெயர் வராது. நோய், விபத்து என்று காரணமும், அது நடந்த ஆண்டும் மட்டும் வரும். முகமும் எண்ணும் போட்டுப் படம் எடுக்கிற வேலையைப் போலீஸ் செய்யும், ஆஸ்பத்திரி செய்யும். அவர்களுக்கு ஆளை அடையாளம் காண வேண்டும். இங்கே அடையாளம் காண்பது நோக்கமில்லை. தழும்புக்கு ஒரு தேதி உண்டு, அந்தத் தேதிக்குப் பிறகும் இந்த ஆள் உயிரோடு இருக்கிறார் என்பதுதான் படம். காயம் செத்த உடம்பிலும் இருக்கும். தழும்பு பிழைத்த உடம்பில் மட்டும்தான் இருக்கும்.

பெயரை மறைப்பது என்று முதலில் சொன்னது இதைத்தான். அந்த மனிதர்களை அவர் மறக்கவில்லை. காப்பாற்றி வைத்திருக்கிறார்.

இங்கிருந்து 'அம்மாவின்' வரிசைக்கு வருவோம். இஷியுச்சியின் அம்மா 1916இல் பிறந்தவர். 18 வயதில் வண்டி ஓட்டும் உரிமம் வாங்கினார். அந்தக் காலத்து ஜப்பானில் பெண்ணுக்கு அது சாதாரணக் காரியமில்லை. லாரி ஓட்டிப் பிழைத்தவர். சமையல் எண்ணெய் கொட்டி வெந்த பெரிய தழும்பு உடம்பில் உண்டு. அம்மாவுக்கும் மகளுக்கும் ஒத்துப்போகவே இல்லை. 2000இல் அம்மாவுக்கு 84 வயது. அந்தத் தழும்பை எடுக்க அம்மா சம்மதித்தார். எடுத்து முடித்த சில மாதங்களில், அதே ஆண்டின் இறுதியில், இறந்துபோனார்.

அம்மா போன பிறகு அலமாரி மிஞ்சியது. உள்ளாடைகள், செருப்பு, பல்செட், சவுரி, தேய்ந்துபோன உதட்டுச்சாயங்கள். தூக்கிப் போடவும் மனசில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். கறுப்பு வெள்ளையிலேயே வேலை செய்து வந்தவர், உதட்டுச்சாயத்தை எடுக்கும்போது கலருக்கு மாறினார். அந்தச் சிவப்பைக் கறுப்பாக்கி எடுத்தால் அது பொய்யாகிவிடும். தோழி சொன்ன மூன்றாவது படம் இதுதான். 2005இல் வெனிஸ் நகரத்துச் சர்வதேசக் கலைக் கண்காட்சியில் ஜப்பான் நாட்டின் அரங்கு முழுக்க இந்தப் படங்கள் இருந்தன. ஒரு லாரி ஓட்டியின் பல்செட் ஒரு நாட்டின் சார்பாகப் போய் நின்றது.

தலைப்பைக் கவனிக்க வேண்டும். 'அம்மாவின்' என்றால் அம்மாவின் எது? வேற்றுமை உருபு இருக்கிறது, அதற்குப் பின்னால் வர வேண்டிய சொல் இல்லை. அந்த இடத்தைப் பொருள்கள் வந்து நிரப்புகின்றன; நிரம்பவும் இல்லை.

இப்போது பெயர் விஷயத்துக்கு வரலாம். இஷியுச்சி மியாகோ என்பது இந்தப் புகைப்படக்காரிக்குப் பிறப்பில் வைத்த பெயர் இல்லை. அது அவருடைய அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய பெயர். கல்யாணமானதும் சட்டப்படி அழிந்துபோன பெயர். படம் எடுக்க ஆரம்பித்தபோது, ஒத்துப்போகாத அந்த அம்மாவின் அழிந்த பெயரை எடுத்து மகள் தனக்குச் சூட்டிக்கொண்டார். விருது அந்தப் பெயருக்கு வந்தது. 2014இல் சுவீடனின் ஹாசல்பிளாட் விருதும் அந்தப் பெயருக்கு வந்தது. ஆக, மறந்துபோன ஒரு பெயரைத் தேடிப் போனால், அந்தப் பெயரே ஏற்கெனவே ஒரு தடவை தொலைந்து மீட்கப்பட்ட பெயராக இருக்கிறது. அதை நாம் மறுபடியும் தொலைப்பது எவ்வளவு பெரிய அநியாயம்.

5

மிச்சம் இருப்பது உடுப்பு. அது ஹிரோஷிமா.

1945 ஆகஸ்ட் 6 காலை 8.15. அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் செத்தார்கள். அன்றைக்கு ஊருக்குள் நடந்த அழிவை எடுத்ததாக மிஞ்சியிருப்பவை மாட்சுஷிகே யோஷிதோ என்ற பத்திரிகைக்காரர் எடுத்த ஐந்தே படங்கள். அதன் பிறகு அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தணிக்கை; 1952 வரை இந்தக் கோரத்தைப் படமாகப் பொதுமக்களுக்குக் காட்ட வழியில்லை. வாயைக் கட்டிய பிறகு வருகிற பேச்சு அலறலாகத்தான் வரும். 1958இல் தோமோன் கென் ஹிரோஷிமா பற்றிய புத்தகம் கொண்டுவந்தார். தீயில் வெந்த தோலுக்கு அறுவை நடப்பதை மேசைக்குப் பக்கத்திலேயே நின்று எடுத்தார். நாகசாகியைத் தோமாட்சு எடுத்தார்; உருகிய பாட்டில் ஒன்று அவர் படத்தில் தோலுரித்த பிராணி மாதிரிக் கிடக்கும். 1980களில் சுச்சிதா ஹிரோமி ஹிரோஷிமா அருங்காட்சியகத்துப் பொருள்களைக் கறுப்பு வெள்ளையில், விவரக் குறிப்போடு, தடயப் பொருளைப் போல எடுத்தார். எல்லாமே தேவையான காரியங்கள். காட்டக் கூடாது என்றவர்களுக்கு எதிராகக் காட்டியவை.

2007இல் ஒரு பதிப்பகம் கேட்டுக்கொண்டதால் இஷியுச்சி முதல் தடவையாக ஹிரோஷிமாவுக்குப் போனார். எல்லாரும் எடுத்து முடித்த ஊரில் புதுசா என்னத்தை எடுக்க என்ற தயக்கம் அவருக்கு இருந்தது. அருங்காட்சியகத்தின் பெட்டிகளைத் திறந்தபோது அவரை அசர வைத்தது கருகல் இல்லை. நிறம். போர்க்காலத்தில் துணிக்குப் பங்கீட்டு அட்டை. கிமோனோவைக் கிழித்து வேலைக்கான கால்சட்டை தைத்துக்கொண்ட காலம். அந்த மங்கலான உடுப்புகளுக்கு உள்ளே பெண்கள் பூப்போட்ட, பட்டுப்போன்ற, தானே பார்த்துப் பார்த்துத் தைத்த துணி உடுத்தியிருந்தார்கள். சாகப் போகிறோம் என்று தெரியாமல், காலையில் எழுந்து, அழகாகத்தான் உடுத்திக்கொண்டு போயிருக்கிறார்கள்.

உடம்போடு ஒட்டி உடுத்திய பெண்களின் துணிகளையே அவர் பெரும்பாலும் தேர்ந்தெடுத்தார். கையில் சின்ன கேமரா, ஜன்னல் வெளிச்சம், துணிக்குக் கீழே இருந்து வரும் வெளிச்சம். சுருக்கம் நீவி, காலரைச் சரிசெய்து, ஒரு பிள்ளைக்கு உடுத்தி விடுகிற மாதிரி விரித்து வைத்து எடுத்தார். தலைப்பில் அந்தத் துணியைக் கொடுத்தவரின் பெயரைச் சேர்த்தார். 2008இல் புத்தகம். பிறகும் அருங்காட்சியகத்துக்குப் புதிதாக வந்து சேர்ந்த துணிகளை எடுக்கத் தொடர்ந்து போய்வந்தார்.

தலைப்பை எழுதிய எழுத்திலும் அரசியல் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் மூன்று வகை எழுத்து. சீன எழுத்தில் எழுதினால் ஹிரோஷிமா ஒரு நிர்வாக ஊர். அந்நியச் சொற்களுக்கான கதகானாவில் எழுதினால் அது உலகம் அறிந்த குண்டு விழுந்த ஊர். தோமோன் தன் புத்தகத்துக்கு அப்படித்தான் எழுதினார். இஷியுச்சி எழுதியது ஹிராகானாவில். படிப்பு மறுக்கப்பட்ட காலத்தில் பெண்கள் எழுதிய எழுத்து, 'பெண்கை' என்றே பெயர் பெற்ற எழுத்து அது. எந்த மொழியில் எழுதுவது, எந்த நடையில் எழுதுவது என்று சண்டை போட்டு வந்த நமக்கு இதன் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

6

அழகாக இருக்கிறதே என்பதுதான் இந்தப் படங்கள்மேல் வருகிற குற்றச்சாட்டு. இத்தனை பேர் செத்த இடத்தில் பூவும் வெளிச்சமும் எதற்கு? இந்தக் கேள்வியை லேசாகத் தள்ள முடியாது. 2017 ஏப்ரலில் ஹிரோஷிமா அருங்காட்சியகம், தோல் உரிந்து தொங்க நடந்துவருகிற மாதிரி வைத்திருந்த மனிதப் பொம்மைகளை எடுத்துவிட்டது. நிஜமான உடைமைகளையே முன்னிறுத்துவது என்று முடிவு. பொம்மையை எடுத்தால் கோரம் குறைந்துவிடும் என்றார்கள் சிலர். நிஜம் அந்தப் பொம்மையைவிடப் பல மடங்கு கொடூரம், பொம்மைதான் அதைக் குறைத்துக் காட்டுகிறது என்றார்கள் பிழைத்தவர்களில் சிலர்.

என் கட்சி இதுதான். சாட்சியம் சொல்ல வருகிறவரிடம் 'காயத்தைக் காட்டு' என்று கேட்கிற உலகம், காயத்தைத் தவிர வேறெதையும் பார்க்க மறுக்கிற உலகமும்கூட. அடிபட்டவர் எப்போதும் அடிபட்டவராகவே வந்து நிற்க வேண்டும். அவருக்கு ஒரு நல்ல சட்டை இருக்கக் கூடாது, உதட்டுச்சாயம் இருக்கக் கூடாது. இஷியுச்சி அந்தச் சட்டையைக் காட்டுகிறார். அது எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அந்தக் கருகல் மன்னிக்க முடியாததாகிறது. அழிக்கப்பட்டது என்ன என்று தெரியாமல் அழித்தவர்மேல் எப்படிக் கோபம் வரும்?

ஆனாலும் மூன்றாவது கேள்வியை இங்கே முழுசாகக் கேட்டாக வேண்டும். இந்தத் துணிகள் யாருடையவை? வீடு இருந்தவர்களுடையவை, துணியைத் தேடி எடுத்து மடித்து வைக்கச் சொந்தம் இருந்தவர்களுடையவை, ஒரு நாள் அருங்காட்சியகத்துக்கு வந்து பெயர் சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தவர்களுடையவை. ஹிரோஷிமாவில் குண்டுக்கு இரையானவர்களில் பல்லாயிரக்கணக்கான கொரியர்கள் உண்டு. ஜப்பான் அடிமைப்படுத்திய நாட்டிலிருந்து கூலியாக வந்தவர்கள், கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டவர்கள். அவர்களுக்கான நினைவுக்கல் 1970இல் வைக்கப்பட்டபோது அமைதிப் பூங்காவுக்கு வெளியேதான் இடம். உள்ளே வர 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செத்த பிறகும் எல்லைக்கு வெளியே. குண்டுக்குப் பிறகு போக்கிடம் இல்லாத ஏழைகள், கொரியர்கள் உட்பட, ஆற்றங்கரையில் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். அந்த இடத்துக்கு ஊர் வைத்த பெயர் 'அணுகுண்டுச் சேரி'. 1970களில் அதை அகற்றி அடுக்குமாடி கட்டினார்கள்.

இஷியுச்சியின் ஒளியில் விரித்து வைக்க அவர்களில் எத்தனை பேருடைய துணி மிஞ்சியது? இது அவர்மேல் சுமத்துகிற குற்றமில்லை. கொடுத்தவரின் பெயரைப் படத்தோடு சேர்த்த அவருடைய நேர்மையே இந்தக் கேள்வியை எழுப்புகிறது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பெயர் என்று எழுதிக்கொண்டே போகும்போதுதான், எந்தப் பெயர்கள் அந்த வரிசையில் வரவே முடியாது என்பது கண்ணில் படுகிறது.

இஷியுச்சி மியாகோவின் பெயரை நாம் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். அது நம் கையில் இருக்கிறது, இன்றைக்கே செய்யலாம். மடித்து வைக்க ஆளில்லாமல் போன துணியை எந்தக் கேமராவும் எடுக்க முடியாது. அதற்குக் கேட்டு எழுதுகிற ஆள் வேண்டும், சொல்ல வருகிறவரின் வாய்ச்சொல் வேண்டும். புகைப்படம் நிற்கிற அந்த இடத்திலிருந்துதான் சாட்சியம் தொடங்குகிறது.